தோணியில் பலகையா, அடியில் மெத்தையா?

மட்டக்களப்பு வாவியில் பறவை பார்க்கத் தோணியில் போனால் எங்கே உட்காருவது? குறுக்குப் பலகையில் முழங்கால் நோகாது, துடுப்புப் போடவும் சுகம். ஆனால் உடம்பு உயரத்தில் இருப்பதால் தோணி சட்டென்று ஆடும். ஊசிவால் வாத்துகளும் தூரத்திலேயே கண்டு எழும்பிவிடும். அமெரிக்காவில் வாத்து வேட்டைக்காரர் தட்டைப் படகில் மல்லாந்து படுத்துக் கிடப்பதும் இதற்குத்தான்.

அடியில் இருந்தால் பாரம் தாழ்ந்து தோணி நிலைக்கும். இடுப்புத்தான் பாவம், முதுகுக்குச் சாய்மானம் கட்டாயம் வேண்டும். சாதாரண ஸ்பொஞ்ச் வேண்டாம். தேங்கும் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடும். யோகா பாய் போல நீர் குடிக்காத போம் ஷீற்றை மடித்து, கீழே மரச்சட்டம் வையுங்கள். அப்புறம், காலை நீட்ட இடம் விடுங்கள்.

வலசைப் பறவைக் காலத்துக்கு என் தெரிவு மெத்தைதான். வலை இழுக்கப் போகிறவருக்குப் பலகையே சரி.