இறங்குவதா, ஏறுவதா? பரிச்சாரா – குவானே கல்பாதை

கொலம்பியாவின் சாந்தாந்தெர் மாகாணத்தில் பரிச்சாராவுக்குப் போய் எந்த விடுதியில் தங்கினாலும் ஒரே யோசனைதான் சொல்வார்கள். குவானே வரைக்கும் நடந்து இறங்குங்கள், திரும்பும்போது பஸ்ஸில் வாருங்கள். இரண்டு மணி நேர நடை, பழைய கல்பாதை, அதுவும் இறக்கம். யாருக்குத்தான் கசக்கும்? நானும் முதலில் அப்படித்தான் போனேன். ஒரு நாள் விட்டு அதே பாதையில் எதிர்த்திசையில் ஏறி வந்தபிறகு, அந்த யோசனை எல்லோருக்கும் பொருந்தாது என்று தோன்றியது.

பரிச்சாரா 1705இல் உருவான ஊர். இடித்து இறுக்கிய மண்சுவருக்கு வெள்ளையடித்து, மேலே நாட்டு ஓடு வேய்ந்த வீடுகள். தேவாலயம் மஞ்சள் மணற்கல். மாலை வெயிலில் வாணலியில் சிவந்த ரவை நிறத்துக்கு வந்துவிடும். 1978இல் ஊரையே தேசியச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். ஊர் நிற்பது ஒரு மேட்டின் விளிம்பில். எட்டிப் பார்த்தால் கீழே சுவாரெஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. குவானே ஏறத்தாழ 300 மீட்டர் கீழே இருக்கிறது. ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், சின்ன அருங்காட்சியகம், சில தெருக்கள், அவ்வளவுதான். ஸ்பானியர் வருவதற்கு முன்னால் இந்த மண்ணில் வாழ்ந்த மக்களின் பெயர்தான் ஊருக்கும். பாதையும் முதலில் அவர்களுடையதுதான். பிறகு வந்தவர்கள் அதற்குக் 'காமினோ ரேயால்', அதாவது அரச பாதை, என்று பெயர் வைத்தார்கள்.

இந்த வட்டாரத்துக் கல்பாதைகளைப் பற்றிப் பேசினால் கெயோ ஃபொன் லெங்கர்க்கே என்ற ஜெர்மானிய வியாபாரியின் பெயர் வராமல் இருக்காது. 1827இல் பிறந்தவர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே வந்து சேர்ந்தவர். பழைய தடங்களைச் செப்பனிட்டதும் புதிதாகப் போட்டதும் சிங்கோனா பட்டையையும் புகையிலையையும் கோவேறு கழுதையில் ஏற்றி ஆற்றுத்துறைக்கு அனுப்பத்தான். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா அந்தப் பட்டையிலிருந்து வருவது. இதே காலத்தில், 1860களில், ஆங்கிலேயர்கள் தென்னமெரிக்காவிலிருந்து சிங்கோனா விதையும் கன்றும் கொண்டுவந்து நம் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார்கள். இலங்கையிலும் ஜாவாவிலும் அப்படியே. ஆசியாவின் பட்டை சந்தையில் குவிந்ததும் 1880களில் கொலம்பியாவின் பட்டை வியாபாரம் படுத்துவிட்டது. லெங்கர்க்கே 1882இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஊட்டிப் பக்கம் நட்ட மரத்துக்கும் நான் மிதித்த கல்லுக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

சரி, நடைக்கு வருவோம். பரிச்சாரா விளிம்பிலிருந்து புறப்படும் முதல் பகுதிதான் செங்குத்து. பாதை வளைந்து வளைந்து இறங்கும். அதன்பின் கள்ளிச்செடி, மேயும் ஆடுமாடு, இரண்டு பக்கமும் சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர், மரங்களில் நரைத்த தாடி போலத் தொங்கும் பாசி. இறங்கும்போது காட்சிக்குக் குறைவில்லை, பள்ளத்தாக்கு முழுதும் கண்ணெதிரே விரிந்திருக்கும். ஆனால் அதைப் பார்க்க விட்டால்தானே? கற்களின் நடுப்பகுதி எத்தனையோ காலம் காலும் குளம்பும் பட்டு அம்மியைப் போல வழவழத்திருக்கிறது. ஓரத்துக் கற்கள் ஆடும். ஒவ்வோர் அடியும் முழங்காலில் வந்து உட்காரும், கட்டைவிரல் செருப்பு முனையில் போய் இடிக்கும். எனக்கு அன்று இரவு மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது.

ஏறும்போது மூச்சு வாங்கும், மறுக்கவில்லை. ஆனால் கால் தானாகக் கல்லைப் பற்றிக்கொள்ளும், முகம் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும். அப்போதுதான் கல்லில் பதிந்த அந்தச் சுருளைப் பார்த்தேன். உள்ளங்கை அளவு, வரிவரியாக, அப்படியே சாளக்கிராமத்தில் இருக்கிற சுருள். ஒரு காலத்தில் இந்த இடம் கடலுக்கடியில் இருந்திருக்கிறது. இறங்கியபோது இதே கல்லை மிதித்துத்தான் போயிருப்பேன், கண்ணில் படவே இல்லை. குவானே அருங்காட்சியகத்தில் இத்தகைய புதைபடிவங்கள் நிறைய இருக்கின்றன. ஏறப் போகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டால் பாதையில் எதைத் தேடுவது என்று கண் பழகிவிடும். அது திறக்கும்வரை காத்திருந்தால் வெயில் ஏறிவிடுமே என்கிறீர்களா? அதுவும் நியாயம்தான்.

வெயில் கணக்கு ஒன்று உண்டு. செங்குத்தான சரிவு மேற்குப் பார்த்தது. காலையில் அதன்மேல் நிழல் கொஞ்ச நேரம் தங்கும், மதியத்துக்குமேல் அடுப்படிதான். எப்படிப் போனாலும் காலையில் போங்கள். ஏறுவதாக இருந்தால் முதல் பஸ்ஸைப் பிடித்துக் குவானேவில் இறங்கி உடனே நடையைக் கட்டுங்கள். பஸ் ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். முந்தின மாலையே சதுக்கத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளவும். இறங்கிப் போனவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் பெரிது: உச்சிவெயிலில் குவானே சதுக்கத்தில் பஸ்ஸுக்குத் தவம் கிடக்க வேண்டும். நான் கிடந்த நேரத்தில் சபஹோன் என்ற பானத்தில் இரண்டு கோப்பை காலி. பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் சாராயம். ஏறி வருகிறவருக்குப் பாதை முடிகிற இடத்திலேயே விடுதியும் குளியலும் காத்திருக்கும்.

மூட்டுவலிக்காரர்களும் சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்களும் இரண்டு பக்கமும் பஸ்ஸிலேயே போய்வரலாம், தப்பே இல்லை. குவானேவில் இறங்கி, பாதையின் கீழ்ப்பகுதியில் அரைமணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினால் கற்சுவரும் தாடிப்பாசியும் கிடைத்துவிடும்.

மூன்று நாள் இருக்கிறவர்கள் வேறொரு வழியைச் சொல்வார்கள்: குவானேவோடு நிற்காமல் வில்லாநுயேவா போய், அங்கிருந்து சிக்கமோச்சா பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் ஹோர்தானுக்கு இறங்கி, மறுபக்கம் லோஸ் சாந்தோஸுக்கு ஏறுவது. இறக்கம் ஏறத்தாழ 1000 மீட்டர், ஏற்றமும் கிட்டத்தட்ட அதே அளவு, நிழல் என்பது பேச்சுக்குத்தான். நான் போகவில்லை. போய் வந்த ஒரு ஜோடியின் உதடு வெடித்திருந்ததையும் முகத்தில் இருந்த பெருமையையும் பார்த்தேன். அது மலையேற்றம், இது உலாத்தல். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

ஒரே ஒரு நாள்தான், முழங்காலும் நன்றாக இருக்கிறது என்றால் நான் ஏறத்தான் சொல்வேன். வெயில் ஒத்துக்கொள்ளாது, மூச்சு வாங்கும் என்பவர்கள் இறங்கட்டும், கையில் ஒரு குச்சியோடு.

மழை பெய்த மறுநாள் இரண்டுமே வேண்டாம், கல் பாசியாக வழுக்கும். அப்படியொரு மழைக்குப்பின்தான் பெரிய இலைவெட்டி எறும்புகளின் ராணிகள் புற்றை விட்டுப் பறந்து வெளியே வரும். பிடித்து, இறக்கையையும் காலையும் கிள்ளிப்போட்டு, உப்புப் போட்டு வறுத்துப் பொட்டலமாக விற்பார்கள். ஈசலைப் பொரியோடு வறுத்துத் தின்ற ஊர்க்காரனுக்கு இதில் கூச்சம் ஏது? வறுகடலையைத் தோலோடு மென்றமாதிரி இருந்தது. விலைதான் கொஞ்சம் கடித்தது.