55 மி.மீ. மைக்ரோ-நிக்கோர் எஃப்/2.8: மிரர்லெஸ் கேமராவில் நெடுநாள் புழங்கிய பிறகு

நெருக்கப் படம் எடுப்பவர்களில் பலர், கையில் விலை உயர்ந்த லென்ஸ் இருந்தாலும், 1:2 அளவைத் (பொருள் சென்சாரில் பாதி அளவில் விழும் நெருக்கத்தை) தாண்டியதும் ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுகிறார்கள். கேமரா ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே ஃபோகஸ் தவறும் தூரத்தில் மோட்டார் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். ஆகவே கையால் திருப்புவதற்கென்றே செய்த பழைய மேக்ரோ லென்ஸ்களுக்கு மிரர்லெஸ் காலத்தில் மறுவாழ்வு கிடைத்திருக்கிறது. அவற்றில் முதலில் வாங்கச் சொல்வது, 1980 வாக்கில் வந்த நிக்கானின் 55 மி.மீ. எஃப்/2.8 ஏ.ஐ.-எஸ் மைக்ரோ-நிக்கோர். முந்நூறு கிராமுக்குள் எடை, 52 மி.மீ. ஃபில்டர். கண்ணாடி குழலுக்குள் ஆழமாக இருப்பதால் தனியாக ஹூட் வேண்டியதில்லை.

இந்த லென்ஸின் அருமை அதன் ஃபோகஸ் வளையத்தில்தான் இருக்கிறது. முடிவிலியிலிருந்து 25 செ.மீ. வரை வர வளையத்தை ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று திருப்ப வேண்டும். அந்த நீண்ட சுற்றினால்தான் பூவின் மகரந்தத் தாளில் எந்தத் துகள் தெளிவாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடிகிறது. ஸ்விட்ச் போல வேலை செய்யும் எலெக்ட்ரானிக் வளையங்களில் இந்த நுட்பம் கிடைப்பதில்லை. முழுவதும் நீட்டும்போது லென்ஸ் 27.5 மி.மீ. முன்னே வருகிறது, அது ஃபோகல் நீளத்தில் சரிபாதி, அதனால் 1:2. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தும் வெற்றுக் குழலான நிக்கானின் பி.கே.-13 டியூபின் நீளமும் அதே 27.5 மி.மீ. அதைச் சேர்த்தால் 1:1. கணக்கு சரிதானா என்று பார்க்க ஒரு ஸ்கேலைப் படமெடுத்தால் போதும்: முழு ஃபிரேம் சென்சாரின் அகலத்தில் 1:1-க்கு 36 மி.மீ. தெரியும், 1:2-க்கு 72.

இந்த லென்ஸை மிரர்லெஸ் பாடியில் பொருத்தும் அடாப்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். நிக்கான் எஃப் மவுண்டின் ஃபிளாஞ்ச் தூரம் (மவுண்டிலிருந்து சென்சார் வரை) 46.5 மி.மீ., சோனி ஈ மவுண்டில் 18. அடாப்டரின் தடிமன் 28.5 மி.மீ. இருக்க வேண்டும். மேக்ரோவில் நீளம் சற்று முன்பின் இருந்தாலும் பாதகமில்லை. தொல்லை தருவது ஆட்டம்தான். வளையத்தைத் திருப்பும்போது லென்ஸும் சேர்ந்து நெளிந்தால் ஃபோகஸ் நிற்காது. அடாப்டரின் உள்ளே உள்ள தகட்டு ஸ்பிரிங்குகளின் பிளவில் மெல்லிய திருப்புளியை விட்டு லேசாக விரித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொன்று, பளபளக்கும் உட்சுவர். வெள்ளைத் தாள் அல்லது லைட் பாக்ஸை எதிரே வைத்து எடுத்த படம் வெளிறினால் பழியை லென்ஸ் மேல் போடும் முன் அடாப்டருக்குள் பாருங்கள். கறுப்பு வெல்வெட் ஸ்டிக்கர் ஒரு துண்டு ஒட்டினால் கான்ட்ராஸ்ட் திரும்பிவிடும்.

கேமராவில் மாற்ற வேண்டியவை மூன்று. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும் வசதியை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் சில பாடிகளில் கிளிக் ஆகாது. ஸ்டெபிலைசேஷனில் ஃபோகல் நீளம் 55 என்று கையால் கொடுங்கள். தவறான எண் இருந்தால் சென்சார் தேவைக்கு அதிகமாகவோ குறைவாகவோ அசைந்து படத்தைக் கெடுக்கும். மூன்றாவதாக, பெரிதாக்கிக் காட்டும் வசதிக்கு எட்டும் இடத்தில் ஒரு பட்டன் ஒதுக்குங்கள். ஃபோகஸ் பீக்கிங்கை நம்பி மேக்ரோ எடுக்காதீர்கள். உண்மையில் தெளிவாக இருப்பதைவிட அகலமான பட்டையை அது வண்ணமிட்டுக் காட்டும். கண்ணில் விழ வேண்டிய ஃபோகஸ் மீசையில் விழுந்திருப்பது கணினியில் திறந்த பிறகுதான் தெரியும்.

நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு அடாப்டர் தேவையில்லை. டி7200, டி750, டி850 போன்றவற்றில் மீட்டர் வேலை செய்யும். டி3000, டி5000 வரிசைகளில் மீட்டர் இயங்காது. எம் மோடில் ஹிஸ்டோகிராம் பார்த்து எடுக்க வேண்டும்.

அப்பர்ச்சர் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 1:2-ல் வளையத்தில் எஃப்/8 வைத்தால் செயல்படுவது எஃப்/12, 1:1-ல் எஃப்/16. வெளிச்சக் குறைவை கேமராவின் மீட்டரே சரிக்கட்டிவிடும், ஃபிளாஷை மேனுவலில் வைத்திருந்தால் மட்டும் நாம் கூட்ட வேண்டும். டிஃப்ராக்‌ஷனை (சிறிய துளையில் ஒளி சிதறிப் படம் மங்குவதை) எந்த மீட்டரும் சரிக்கட்டாது. 1:1-ல் வளையத்தை எஃப்/16-க்குக் கொண்டு போனால் உண்மையில் எஃப்/32. படம் முழுக்க ஒரே சீராக மங்கும். முழு ஃபிரேமில் 1:1, எஃப்/8-க்கு ஃபோகஸ் ஆழம் சுமார் 1 மி.மீ., 1:2-ல் ஏறக்குறைய 3 மி.மீ. இதற்கு மேல் ஆழம் வேண்டுமென்றால் ஸ்டாக்கிங்தான் (ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி எடுத்த படங்களை ஒன்றாக்குவது) வழி. கையில் வைத்து எடுக்கும்போது வேண்டிய அளவுக்கு வளையத்தை முதலில் நிறுத்திவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துத் தெளிவு வரும் கணத்தில் அழுத்துங்கள். வளையத்தையும் உடம்பையும் சேர்த்து அசைத்தால் ஒன்றும் அமையாது.

இனி இந்த மாடலின் தீராத நோய். பழைய பிரதிகளில் ஃபோகஸ் மரையில் உள்ள கிரீஸ் நாளடைவில் பிரியும். எண்ணெய் கசிந்து அப்பர்ச்சர் தகடுகளுக்குப் போகும். கெட்டியான மீதி மரையிலேயே தங்கி வளையத்தை இறுக்கும். ஆகவே கனத்துச் சுற்றும் வளையமும் ஒட்டும் தகடுகளும் ஒரே கோளாறின் இரு முகங்கள். வாங்கும்போது லென்ஸைக் கழற்றி, அப்பர்ச்சரை எஃப்/32-ல் வைத்து, பின்னால் உள்ள சிறு நெம்பை விரலால் தள்ளி, பிறகு விரலை எடுத்துவிடுங்கள். தகடுகள் 'டக்'கென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினாலோ தகட்டில் ஈரமான பளபளப்பு தெரிந்தாலோ எண்ணெய் ஏறிவிட்டது என்று பொருள். மிரர்லெஸ்ஸில் தகடுகள் முன்கூட்டியே மூடியிருப்பதால் இதை வைத்தும் சில காலம் ஓட்டலாம். ஆனால் அப்பர்ச்சரை மாற்றியதும் ஓரிரு நொடி பொறுத்து எடுக்காவிட்டால் எக்ஸ்போஷர் தவறும். எண்ணெய் ஆவி உள்கண்ணாடியில் படலமாகப் படியவும் கூடும், அதனால் காலம் கடத்தாமல் சுத்தம் செய்துவிடுவது நல்லது. இதை வீட்டில் பிரிக்க வேண்டாம். மரை பல தொடக்கங்கள் கொண்டது. கழன்ற இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் பிரித்தால் முடிவிலி ஃபோகஸ் போய்விடும். நெருக்கத்துக்கேற்ப உள்ளே தனியாக நகரும் கண்ணாடித் தொகுதியின் இடமும் கலையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இந்த லென்ஸை விட்டு வைப்பது கசிவை விரைவுபடுத்தும்.

பூஞ்சைக்கு டார்ச் சோதனை: ஒரு முனையில் ஒளி, மறுமுனையில் சாய்வாகக் கண். சிலந்தி நூல் போலக் கிளைகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் டிரை கேபினெட், முடியாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்த வேண்டும்.

பூச்சிகளுக்கு இது ஏற்றதல்ல என்பதை வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். 1:1-ல் லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் இடையே ஆறு செ.மீ. சுற்றித்தான் இருக்கும். லென்ஸின் நிழல் விழும், தும்பி பறந்துவிடும். அதற்கு 105 மி.மீ. எஃப்/2.8 ஏ.ஐ.-எஸ் அல்லது டாம்ரான் 90 மி.மீ. எஃப்/2.5 பாருங்கள். இரண்டும் தனியாக 1:2 வரை போகும்.

55 தனித்து நிற்பது தட்டையான பொருள்களில். மைக்ரோ-நிக்கோர் வரிசையே 1950-களில் ஜப்பானிய ஆவணங்களை மைக்ரோஃபில்மில் பதிவு செய்யப் பிறந்தது. நெருக்கமான கோடுகள் கொண்ட எழுத்துகள் ஓரம் வரை படிக்கும்படி வர வேண்டியிருந்தது. அதே குணம் பழைய நெகட்டிவ்களை டிஜிட்டலாக்கும்போது கைகொடுக்கிறது. முழு ஃபிரேமில் 35 மி.மீ. நெகட்டிவுக்கு பி.கே.-13. ஏ.பி.எஸ்.-சி எனும் சிறிய சென்சார் என்றால் 8 மி.மீ. நீளமுள்ள பி.கே.-11ஏ போதும்; அளவு 0.645 வரை போகும், நெகட்டிவ் முழுவதும் ஓரத்தில் சிறிது இடம் விட்டு அடங்கும். வளையத்தில் எஃப்/5.6 வையுங்கள். கேமரா இணையாக இருக்கிறதா என்று பார்க்க, நெகட்டிவ் வைக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை முகம் மேலாக வைத்து, அதில் தெரியும் லென்ஸின் பிம்பத்துக்கு ஃபோகஸ் செய்யுங்கள். பிம்பத்தின் நடுப்புள்ளி ஃபிரேமின் சரிநடுவில் வரும்வரை டிரைபாட் தலையைச் சரிக்கட்டி இறுக்கிவிட்டால் நான்கு மூலைகளிலும் ஃபிலிமின் துகள் ஒரே மாதிரி தெரியும்.