எதிர்கால பிக்கை வாங்கும்போது ஆண்டைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்

ஸ்லீப்பர் செயலியில், 12 அணிகள் கொண்ட ஒரு டைனஸ்டி ஃபேன்டசி ஃபுட்பால் லீக்கில் பல சீசன்களாக விளையாடுகிறேன். நிஜ அமெரிக்கக் கால்பந்து வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைப்போம்; களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி. டைனஸ்டி என்பதால் சீசன் முடிந்தாலும் ஆட்டக்காரர்கள் நம்மிடமே இருப்பார்கள். ஏப்ரல் கடைசியில், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் முடிந்த பிறகு, புதியவர்களை மட்டும் பங்கிட்டுக்கொள்ள ரூக்கி டிராஃப்ட் நடக்கும். அதில் நமக்கு வரவேண்டிய முறையை, அதாவது பிக்கை, சில ஆண்டுகள் முன்கூட்டியே விற்கலாம், வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களைவிட எனக்கு இந்த வியாபாரத்தில்தான் ருசி அதிகம்.

டிரேட் திரையில் ஒவ்வொரு பிக்குக்கும் ஆண்டு, சுற்று, முதலில் எந்த அணிக்கு உரியது என்ற மூன்று விவரங்கள் தெரியும். பெரும்பாலோர் முதல் இரண்டை வைத்தே பேரம் பேசுகிறார்கள். மூன்றாவதில்தான் விலையே இருக்கிறது. கடைசி இடம் பிடித்த அணியின் முதல் சுற்று பிக் என்றால் 1.01, அதாவது முதல் சுற்றில் முதல் ஆள்; கோப்பை வென்ற அணியுடையது என்றால் 1.12, பன்னிரண்டாவது ஆள். இரண்டுக்கும் பெயர் என்னவோ ‘முதல் சுற்று’தான்.

நிஜ என்எஃப்எல்லிலேயே இது நடந்தது. 2023இல் குவாட்டர்பேக் பிரைஸ் யங்கை எடுப்பதற்காக கரோலினா பாந்தர்ஸ் அணி, சிகாகோ பேர்ஸிடம் முதல் பிக்கை வாங்கியது. பதிலுக்குக் கொடுத்தவற்றில் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் டி.ஜே. மூரும் 2024 முதல் சுற்று பிக்கும் அடக்கம். 2023 சீசனில் பாந்தர்ஸுக்கு 2 வெற்றி, 15 தோல்வி. கைமாறிய பிக் ஒட்டுமொத்த முதலிடமாகிவிட்டது. அதில் பேர்ஸ், குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எடுத்தது.

ஆகவே நான் வலை வீசுவது, ஆகஸ்டில் கோப்பைக் கனவில் மிதக்கும் அணியிடம். அதுவும் முப்பது வயதை நெருங்கும் ரன்னிங் பேக்குகளை, அதாவது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி சீக்கிரம் தேய்ந்துபோகிறவர்களை, நம்பியிருக்கும் அணியாக இருந்தால் இன்னும் நல்லது. ‘எப்படியும் கடைசி பிக்தானே’ என்று இரண்டு ஆண்டு கழித்து வரும் முதல் சுற்றைத் தாராளமாகத் தருவார்கள். அதுவரை காத்திருப்பதில் ஆபத்தும் குறைவு. பிக்குக்கு அடிபட முழங்கால் கிடையாது.

விற்பதற்கு வசந்த காலம். டிராஃப்டுக்கு வரும் புதியவர்களுக்கு இண்டியானாபோலிஸில் நடக்கும் தேர்வு முகாமில் யாராவது 40 கஜத்தை 4.3 விநாடியில் ஓடிவிட்டால், அதுவரை விலை கேட்காதவர்களும் செய்தி அனுப்புவார்கள். ரூக்கி டிராஃப்ட் நடந்துகொண்டிருக்கும் அந்தச் சில மணி நேரம்தான் விலையின் உச்சம்.

பிந்தைய சுற்று பிக்குகளைப் பேரத்தை முடிக்கும் கொசுறாக மட்டுமே பார்க்கிறேன். ரிசீவர் புகா நகுவாவை உதாரணம் காட்டுவார்கள்: 2023 என்எஃப்எல் டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் 177ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், முதல் சீசனிலேயே 105 கேட்ச், 1,486 யார்டு. ஒரு புகாவைச் சொல்கிறவர்கள், அதே சுற்றுகளில் எடுத்துப் பெயரே மறந்துபோனவர்களைச் சொல்வதில்லை.

குறையும் உண்டு. பிக் புள்ளி எடுக்காது. அதைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் ஆண்டுதோறும் ‘அணியைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்றே சொல்வார்கள். அதைவிட மோசம், எதிர்காலம் முழுவதையும் விற்றுவிட்டு லீக்கை விட்டே போகிறவர்கள். காலியான அந்த அணியை ஏற்க ஆள் கிடைக்காது. எதிர்கால முதல் சுற்றை விற்பவர் அந்த ஆண்டுக் கட்டணத்தையும் அப்போதே கட்ட வேண்டும் என்று எங்கள் லீக்கில் விதி இருக்கிறது. அது இல்லாத லீக்கில் நான் சேர்வதில்லை.