குடிச்சுட்டு ஓட்டி லைசன்ஸ் போனவன் சொல்றேன், இந்த ஸ்கூல் எப்படின்னு

நான் புதுசா ஸ்டியரிங் பிடிக்கப் போன ஆளு இல்ல. பதினெட்டு வருஷமா ராமநாதபுரம் பக்கம் மண்டபம் ஊர்ல இருந்து மதுரை மார்க்கெட்டுக்கு மீன் லோடு ஓட்டுறேன். சொந்த பிக்கப் வண்டி. இந்த டிரைவிங் ஸ்கூல் வாசலைத் தாண்டி ஆயிரம் தடவை போயிருப்பேன், உள்ள போவேன்னு நினைச்சதே இல்ல. போக வச்சது ஒரு குவார்ட்டர்.

மார்ச் மாசம் ஒரு ராத்திரி, சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பதினோரு மணிக்குள்ள முடிச்சுட்டுப் படுத்துட்டேன். மூணரைக்கு எந்திரிச்சு, தலைக்குக் குளிச்சு, கட்டங்காப்பி குடிச்சு, நகரை மீனும் கணவாய் மீனும் ஏத்திக்கிட்டு கிளம்பினேன். நாலரைக்கு உச்சிப்புளி தாண்டி நிறுத்தி ஊதச் சொன்னாங்க. ‘ராத்திரி குடிச்சது சார், தூங்கி எந்திரிச்சுதான் வர்றேன்’னு தைரியமா ஊதினேன். 51-ன்னு வந்துச்சு. சட்டத்துல 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸ். அன்னைக்கு மீனை வேற வண்டிக்கு மாத்தி ஏத்துறதுக்குள்ள ஐஸ் பாதி கரைஞ்சு போச்சு. கோர்ட்ல 10,000 அபராதம் கட்டினேன். அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்துச்சு, போய் நின்னேன். மூணு மாசம் லைசன்ஸ் சஸ்பெண்ட்.

ஏப்ரல் 15 ஆரம்பிச்சா ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போட்டும் கரையில, நானும் கரையில. அந்த ஒரு விஷயத்துல தப்பிச்சேன். போட்டு கடல்ல இறங்கினப்புறமும் எனக்கு ரெண்டு வாரத்துக்கு மேல பாக்கி இருந்துச்சு. ஆக்டிங் டிரைவருக்கு நடைக்கு 1,200 ரூவாயும் பேட்டாவும் கொடுத்து, நான் கிளீனர் சீட்ல உக்காந்து போனேன். என் வண்டியில நானே கிளீனர். சஸ்பெண்ட்ல இருக்கும்போது ஓட்டி மாட்டினா அதுக்குத் தனியா 10,000, இல்லன்னா மூணு மாசம் உள்ள, ரெண்டும் சேர்ந்தும் வரலாம்னு வக்கீல் சொல்லியிருந்தார். அதனால சாவியைக் கையால தொடல.

நாள் முடிஞ்சா போய் வாங்கிட்டு வந்துரலாம்னுதான் நினைச்சேன். அப்படி இல்லயாம். அங்கீகாரம் உள்ள ஸ்கூல்ல மறுபயிற்சி முடிச்சுட்டு வந்தாத்தான் லைசன்ஸ் கைக்கு வரும்னாங்க. அப்படித்தான் இங்க வந்து சேர்ந்தேன்.

நடத்துறவர் கீழக்கரைக்காரர், அறுபது தாண்டியிருக்கும், எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுறாங்க. நான் உள்ள போனதும் என்ன கேஸுன்னு கேட்டார். சொன்னேன். மூஞ்சி சுளிக்கல, புத்திமதியும் சொல்லல. ‘கோர்ட் பேப்பர், ஆர்டிஓ ஆர்டர் ரெண்டும் கொண்டாங்க தம்பி, படிச்சுட்டுத்தான் காசு பேசுவேன்’னார். நாப்பத்தி நாலு வயசுல ‘எல்’ போர்டு வண்டியில உக்கார்றது கூச்சமாத்தான் இருந்துச்சு, பக்கத்துல காலேஜ் பிள்ளைங்க வேற. அவர் என்னை அந்த பேட்ச்ல சேர்க்காம தனி நேரம் கொடுத்தார்.

முதல் நாள் வகுப்புல கரும்பலகையில ஒரு கணக்குப் போட்டார். எனக்கு அதை மறக்க முடியல. குவார்ட்டர் 180 மில்லி. லேபிள்ல 42.8 சதவீதம். அப்ப சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடை பார்த்தா 61 கிராம் கிட்ட. எழுபது கிலோ ஆளு குடிச்சா ரத்தத்துல 100 மில்லிக்கு சுமாரா 125 மில்லிகிராம் ஏறும். ஈரல் மணிக்கு 15 மாதிரிதான் இறக்கும். குளிச்சாலும் அவ்வளவுதான், காப்பி குடிச்சாலும் அவ்வளவுதான், எலுமிச்சம்பழம் கடிச்சாலும் அவ்வளவுதான். ‘பதினோரு மணிக்கு முடிச்சீங்க, நாலரைக்கு ஊதுனீங்க. அஞ்சரை மணி நேரம். நீங்களே கழிங்க’ன்னு சாக்பீஸை என் கையில கொடுத்தார். கழிச்சேன். 42, 43 வருது. ‘மிஷின்ல 51 வந்துச்சு பாய்’னேன். ‘ஆளுக்கு ஆள், சாப்பிட்ட சோத்துக்குத் தகுந்த மாதிரி முன்னப் பின்ன இருக்கும். காலையில ஆறு மணிக்குக் கூட நீங்க முப்பதுக்குள்ள வந்திருப்பீங்கன்னு சொல்ல முடியாது’ன்னார். மிஷின்ல கோளாறுன்னு அதுவரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நான்.

ரெண்டாவது நாள் ரோட்டுல. ராமநாதபுரத்துல இருந்து பாம்பன் பாலம் வரைக்கும் போயிட்டு வரணும். டேஷ்போர்டு மேல ஒரு தீப்பெட்டியை நட்டமா நிறுத்தி வச்சார். அது விழாம ஓட்டணும், அவ்வளவுதான். சிரிச்சுட்டுத்தான் எடுத்தேன். உச்சிப்புளி போறதுக்குள்ள நாலு தடவை விழுந்துச்சு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் பேசாம எடுத்து நிறுத்துவார். நாலாவது தடவைதான், ‘முன்னாடி வண்டியோட சிவப்பு லைட்டைப் பார்த்துத்தான் பிரேக்கு மிதிக்கிறீங்க. அதுக்கும் முன்னாடி என்ன போகுதுன்னு பாருங்க’ன்னார். ஐஸ் பெட்டியோட பதினெட்டு வருஷம் ஓட்டியிருக்கேன், இதை எனக்கு யாரும் சொன்னதில்ல. பாலத்துல எப்பவும் போல டூரிஸ்ட்டுங்க வண்டியை ஓரமா நிறுத்திட்டு, புது ரயில் பாலத்தை போட்டோ எடுத்துக்கிட்டு நடுரோட்டுல நிக்குறாங்க. கடல் காத்து ஒரு பக்கமா இழுக்குது. அங்க தீப்பெட்டி விழல. சும்மா பெருமைக்குச் சொல்றேன்.

இந்த ஸ்கூலுக்கு நான் மார்க் போடுறது இதுக்கெல்லாம் இல்ல, என் மச்சினன் விஷயத்துக்கு. அவன் லோடு ஆட்டோக்காரன். ஒரு தடவை மாட்டி தண்டனை ஆச்சு, திருந்தல, மறுபடி மாட்டினான். குடிச்சுட்டு ஓட்டுறதுக்கு மோட்டார் வாகனச் சட்டத்துல இருக்கற இதே 185-வது பிரிவுல ரெண்டாவது தடவை தண்டனை ஆனா கோர்ட்டே லைசன்சை ரத்து பண்ணியாகணும். அப்படி ரத்தானா அந்த வகை வண்டிக்கு மறுபடி லைசன்ஸ் எடுக்கவும் தடை. இது அதே சட்டத்துல 22-வது பிரிவு. சஸ்பெண்ட் வேற, ரத்து வேற. இதைச் சொல்லாம ஒரு புரோக்கர், ‘வேற மாவட்டத்துல புதுசா எல்எல்ஆர் போட்டு எடுத்துத் தர்றேன்’னு 18,000 பேசி 8,000 அட்வான்ஸ் வாங்கிட்டார். ஆதாரை லைசன்ஸுக்கான சாரதி வெப்சைட்ல போட்டதும் பழைய கதை பூராவும் வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் அவர் போனை எடுக்கவே இல்ல.

மச்சினனை பாய்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவன் கையில மிச்சம் 10,000 வச்சிருந்தான். பாய் ஆர்டரை ரெண்டு தடவை படிச்சார். கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தார். ‘தம்பி, உங்க லைசன்ஸ் தூங்குது, எழுப்பிரலாம். இவரோடது மவுத்தாயிருச்சு. என்கிட்ட காசு கொடுக்காதீங்க. வக்கீலைப் பாருங்க, மேல்கோர்ட்ல அப்பீலுக்கு நாள் இருக்கான்னு கேளுங்க. அது ஒண்ணுதான் கதவு’ன்னார். பத்தாயிரத்தை மேசையில வச்சவன் எடுத்துக்கிட்டான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மச்சினன் இப்ப ஐஸ் கம்பெனியில லோடு ஏத்துற வேலைக்குப் போறான். வீட்ல என் சம்சாரமும் அவ தம்பியான இந்த மச்சினனும் ரெண்டு நாள் என்கூடப் பேசல, நான்தான் அந்தாளுகிட்ட சொல்லி மறுக்க வச்சேனாம்.

குறைன்னா இருக்கு. ஸ்கூல் கார் கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு, முழங்கால் வலிக்காரங்க முதல்லயே சொல்லிருங்க. கரண்ட் போனா வகுப்பு ரூம்ல உக்கார முடியாது. ஏழு மணின்னா ஏழரைக்குத்தான் வண்டி வருது. ரசீது கேட்டாத்தான் எழுதித் தர்றாங்க, கேட்டு வாங்குங்க. எனக்கு சர்டிபிகேட்டுல இனிஷியல் தப்பா அடிச்சு, மாத்தறதுக்கு ஒரு நாள் அலைஞ்சேன். பாய் இல்லாத நேரம் உக்கார்ற பையனுக்கு சஸ்பெண்ட் கேஸ் பத்தி ஒண்ணும் தெரியாது, அவன் சொல்றதை நம்பி ஆர்டிஓ ஆபீஸுக்குப் போயிராதீங்க. அதனால ஒரு ஸ்டார் கம்மி.

மொத்தம் 2,500 வாங்கினார். ஜூலை முதல் வாரம் லைசன்ஸ் கைக்கு வந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே லோடு.

போறவங்க கோர்ட் பேப்பர், ஆர்டர், அபராதம் கட்டின ரசீது எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க. எதுத்தாப்புல இருக்கற ஜெராக்ஸ் கடை பத்து மணிக்குத்தான் திறக்குறாங்க. ஆர்டிஓ போட்ட சஸ்பெண்ட் ஆர்டர் மேல ஆட்சேபனை இருந்தா கைக்கு வந்த முப்பது நாளைக்குள்ள அப்பீல் போகணும், மிஷின் கோளாறுன்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே நான் அந்த முப்பது நாளையும் விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் தொழுகைக்குப் போயிருவார், மூணு மணிக்கு மேல போங்க.