தம்பியின் குசன், மெத்தை, சக்கர நாற்காலி: வெள்ளவத்தையிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

முள்ளந்தண்டில் அடிபட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், கையிலுள்ள காசில் முதல் பங்கு அவன் இருக்கும் குசனுக்குப் போகட்டும். அடுத்த பங்கு, அவன் உடம்புக்கு அளவெடுத்த சக்கர நாற்காலிக்கு. மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி 400 மீட்டர் தடைதாண்டல் ஓடியவன். 2021 கடைசியில் பயிற்சி முடிந்து வரும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்து. நெஞ்சுப் பகுதியின் ஐந்தாவது முள்ளெலும்பு, வைத்தியசாலையில் ‘டி 5’ என்பார்கள். கைகள் இரண்டும் முழுப் பலம். நெஞ்சுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. தேசிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை, பிறகு ராகம மறுவாழ்வு வைத்தியசாலை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குழாய் போட்டுச் சலம் எடுப்பது, சலப்பையில் 500 மில்லிலீற்றருக்கு மேல் சேரவிடாமல் தண்ணீர் குடிப்பதைக் கணக்குப் பார்ப்பது எல்லாம் அம்மாவும் நானும் அங்கே பழகியவை.

சரி, குசனுக்கு வருகிறேன். நாங்கள் ஓரிடத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் உடம்பே நெளியச் சொல்லும். தம்பிக்கு அந்தச் செய்தி மூளைக்குப் போவதில்லை. இருப்பெலும்பு இரண்டும் தோலை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும், இரத்தம் ஓடாது, படுக்கைப்புண் உள்ளேயிருந்து தொடங்கிவிடும். அது ஆற மாதக்கணக்கு. அவ்வளவு காலமும் குப்புறப் படுக்கை. பயிற்சி, படிப்பு, வெளியே போவது எல்லாம் நின்றுவிடும். நாற்காலியோடு வந்த பஞ்சுக் குசன் சில மாதத்தில் தட்டையாகிவிட்டது. பிசியோ சொல்லித்தான் றப்பர்க் குமிழ்களில் காற்று நிரப்பும் குசனுக்கு மாறினோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்கு ஏறியிருந்த நேரம். விலையைக் கேட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. லண்டனிலிருந்து மாமா பாதி அனுப்பினார். இன்றைக்கும் இந்த வீட்டில் வாங்கிய சாமான்களில் மிகச் சிறந்தது எதுவென்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

காற்று நிறைய இருந்தால் நல்லதென்று நினைக்க வேண்டாம். அவன் ஏறி இருந்தபின் அம்மா கையைக் குசனுக்கும் இருப்பெலும்புக்கும் இடையில் நுழைத்துப் பார்ப்பார். எலும்புக்குக் கீழே ஒன்றரை முதல் இரண்டரை சென்ரிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் பந்தில் இருப்பதுபோல வழுக்கும், குறைந்தால் எலும்பு அடித்தட்டில் முட்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே போனபோது காற்று விரிந்து குசன் கல்லாகிவிட்டது. கொஞ்சம் திறந்துவிட்டு, கொழும்புக்கு இறங்கியதும் திரும்ப நிரப்பினோம். எந்தக் குசனாக இருந்தாலும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை பாரத்தை எடுக்கத்தான் வேண்டும். கைகளை ஊன்றி எழும்புவதைவிட, மேசையில் சாய்ந்து இரண்டு நிமிடம் முன்னால் குனிந்திருப்பது நல்லது. தோள்மூட்டும் தேயாது. இரவில் கண்ணாடி பிடித்துத் தோலைப் பார்க்கிறான். அரை மணித்தியாலத்திலும் மறையாத சிவப்பு இருந்தால், அது போகும்வரை அந்தப் பக்கத்தில் பாரம் இல்லை.

படுக்கைப்புண் வராமல் இருக்க, பம்பு காற்றடிக்கும் மெத்தையில்தான் தம்பி படுக்கிறான். அதைப் பற்றிச் சொல்வதானால் 2022இன் கரண்ட் வெட்டைச் சொல்லாமல் முடியாது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனது. பம்பு நின்றால் மெத்தை மெல்ல இறங்கும். ஆனால் இந்தப் பம்புகள் இழுப்பது பத்து வாற் அளவுதான். கணினிக்கு வைக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றே நீண்ட நேரம் தாங்கும். அதற்கும் மேலே போனால், பம்பிலிருந்து குழாயைக் கழற்றி மூடியைப் பூட்டி, உள்ளேயிருக்கும் காற்றைக் காப்பாற்றினோம். கீழே தடித்த பஞ்சு மெத்தை ஒன்றும் கட்டாயம் வேண்டும். அந்த மாதங்களில் அப்பா இரவிரவாக எழும்பி அவனைப் புரட்டினார். எந்த யுபிஎஸும் அந்த வேலையைச் செய்யாது.

நாற்காலி. முதலில் கிடைத்தது வைத்தியசாலைகளில் காணும் மடக்கு இரும்பு நாற்காலி. அவனுடைய இடுப்புக்கு மிக அகலம். வயிற்றுத் தசைக்குப் பிடிமானம் இல்லாதவன் அதில் ஒரு பக்கம் சரிந்துதான் இருப்பான், முதுகும் அப்படியே கோணும். விற்ற கடைக்காரர் “அகலமென்றால் வசதிதானே” என்றார். இல்லை, ஒட்டி இருப்பதுதான் வசதி. இப்போது பாவிப்பது மடங்காத அலுமினியச் சட்டம். இருக்கையின் பின்பக்கம் சற்றே தாழ்ந்தது. அந்தத் தாழ்வுதான் அவனை நிமிர்த்தி வைத்திருக்கிறது.

மரைன் டிரைவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடற்காற்று முன்சில்லுகளின் பெயரிங்கைத் தின்றுவிடும். உலர்ந்த துணியால் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரயர் வாங்கும்போது 24 இஞ்சி என்று மட்டும் கேட்காதீர்கள். சைக்கிளில் 24 இஞ்சி என்ற பெயரில் பல அளவுகள் உண்டு. எங்களுடைய நாற்காலிக்கு ரயரின் பக்கத்தில் 540 என்ற எண் இருக்க வேண்டும், 507 பொருந்தாது. பழைய ரயரைக் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்தது சாமான் அல்ல, ஒரு அட்டை. காசில்லாதது, உயிரைக் காப்பது. டி 6இலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு ‘ஓட்டோனொமிக் டிஸ்ரிப்ளெக்சியா’ வரலாம். உணர்வில்லாத பகுதியில் ஏதாவது தொந்தரவு இருந்தால் பிரஷர் திடீரென்று ஏறிவிடும். ஒரு இரவு தம்பிக்குத் தலை வெடிக்கிற வலி, முகம் சிவந்து நெற்றியில் வியர்வை. அந்த நேரம் நிரந்தரக் குழாய் போட்டிருந்தது. நிமிர்த்தி இருத்தினோம், காலைத் தொங்கவிட்டோம், இடுப்புப் பட்டியைத் தளர்த்தினோம். குழாயைத் தடவிக்கொண்டு போனால் தொடைக்குக் கீழே மடிந்து கிடந்தது. நேராக்கியதும் சலம் பாய்ந்தது, கொஞ்ச நேரத்தில் வலியும் இறங்கியது. அவனுடைய வழமையான மேல்பிரஷர் 100 அளவுதான். ஆகவே 140 என்றால் மற்றவருக்குப் பரவாயில்லை, அவனுக்கு ஆபத்து. இது தெரியாத டொக்டரும் தாதியும் இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிய அட்டையை நாற்காலிப் பையில் வைத்திருக்கிறோம். குழாயின் மடிப்பு, நிறைந்த சலப்பை, மலச்சிக்கல், தோலில் புண் என்று பார்க்க வேண்டிய வரிசையும் அதில் உண்டு.

இருந்தபடியே கால்களைச் சுழற்றும், மோட்டார் பூட்டிய பயிற்சிச் சைக்கிள் ஒன்று கனடாவிலிருந்து அன்போடு வந்தது. பின்னேரங்களில் அதில் ஓடினால் காலின் வெட்டி இழுப்பு கொஞ்சம் அடங்குகிறது. அதற்கு மேல் எதையும் அதனிடம் எதிர்பார்க்கவில்லை. “நடக்க வைக்கும்” என்று யாராவது விற்க வந்தால், குசன் வாங்கியாகிவிட்டதா என்று முதலில் உங்களை நீங்களே கேளுங்கள். நரம்பில் திரும்ப வருவதில் பெரும்பகுதி முதல் வருஷத்துக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு ஊசி, சிகிச்சை என்று காணியை விற்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் மாடிவீட்டு வாசலில் ஓரடி உயரத்துக்குப் படி. சாய்வுப் பாதை ஒரு இஞ்சி உயரத்துக்குப் பன்னிரண்டு இஞ்சி நீளம் வேண்டும், அதாவது 12 அடி. நிர்வாகக் குழு இடமில்லை என்றது. அப்போதுதான் அஜித் பெரேராவைப் பற்றி வாசித்தேன். கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் கார்மேல் மரம் விழுந்து முள்ளந்தண்டு அடிபட்டது. சக்கர நாற்காலியிலிருந்தே உயர்நீதிமன்றம் போய், பொதுக் கட்டிடங்களில் அணுகல் வசதி வேண்டுமென்று 2009இல் உத்தரவு வாங்கினார். அணுகல் வசதி பற்றிய 2006ஆம் ஆண்டு விதிகளைப் பிரதியெடுத்துக் குழுவிடம் கொடுத்தேன். எங்கள் கட்டிடத்தை அந்த விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும் பேச்சின் தொனி மாறியது. இப்போது பாதை இருக்கிறது. மூன்றாம் மாடிப் பாட்டியும் அதில்தான் இறங்குகிறார்.

தம்பி இப்போது சக்கர நாற்காலி டெனிஸ் பழகுகிறான். பந்து இரண்டு தடவை குத்தலாம், மற்றபடி அதே விளையாட்டு. சில்லுகள் சாய்ந்த விளையாட்டு நாற்காலியைப் பயிற்சியில் இரவல் தருகிறார்கள். தடைதாண்டலில் இருந்த அதே பிடிவாதம். தோற்றால் சாப்பிட மாட்டான், அம்மா திட்டுவார். எங்களுக்கு அந்தச் சண்டை பிடிக்கும். விளையாட்டு நாற்காலியிலும் அவனுடைய குசனைத்தான் போடுகிறோம்.

வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், வாங்கமுன் எங்கள் குசனில் இருந்து பார்க்கலாம். தம்பி ஓம் என்று சொல்லியிருக்கிறான். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு டெனிஸ்.