குரோக் பார்க் அருங்காட்சியகம்: கோப்பைகளுக்குப் பின்னால் ஒரு தலைமையாசிரியர்

டப்ளின் நகரின் வடபகுதியில் உள்ள குரோக் பார்க், ஏறத்தாழ 82,300 பேர் கொள்ளும் பெரிய விளையாட்டரங்கம். ஹர்லிங் (மட்டையால் சிறு பந்தை அடித்து ஆடுவது), கேலிக் கால்பந்து ஆகிய அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகளுக்கு அதுவே தலைமைக் களம். அவ்வளவு கூட்டத்தின் முன் ஆடுகிறவர்கள் ஆட்டத்துக்கென்று ஊதியம் பெறுவதில்லை என்பதை முதன்முறை கேட்கும் எவரும் நம்ப மாட்டார்கள். இந்த அரங்கின் கியூசாக் பார்வையாளர் மாடத்தின் கீழே, ஜி.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கேலிக் தடகளச் சங்கத்தின் அருங்காட்சியகம் 1998 முதல் இயங்கி வருகிறது. அதைப் பார்க்கலாமா, எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலோர் கோப்பைகளைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நான் மைக்கேல் கியூசாக் என்ற பள்ளி ஆசிரியருக்காகச் சென்றேன். மாடத்துக்கு வைத்திருப்பது அவருடைய பெயர். வாசலருகே நிற்பதும் அவருடைய சிலை. அவர் யாரென்று தெரிந்துகொண்டு உள்ளே போனால் இந்த அருங்காட்சியகத்தின் மதிப்பு இரட்டிப்பாகும் என்பது என் கருத்து.

கியூசாக் 1847இல், பெரும் பஞ்சம் அயர்லாந்தை வாட்டிய நாட்களில், கிளேர் மாவட்டத்துப் பரன் பாறை நிலத்திலுள்ள கரன் என்ற ஊரில், ஐரிஷ் மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தார். பல பள்ளிகளில் ஆசிரியராக இருந்துவிட்டு, 1877இல் அரசுப் பணித் தேர்வுகளுக்கு இளைஞர்களைத் தயார்செய்யும் தம் சொந்தப் பள்ளியை டப்ளினில் தொடங்கினார். நம் ஊரில் தேர்வுப் பயிற்சி மையம் என்றால் நாற்காலியை விட்டு எழாத படிப்புதான் நினைவுக்கு வரும். கியூசாக்கோ தம் மாணவர்களைத் திடலுக்கு இழுத்துச் சென்றார். முதலில் பள்ளியின் பெயரில் ரக்பி அணி அமைத்து, தாமும் அதில் இறங்கி ஆடினார். குண்டு எறிதலில் பெயர் பெற்ற கட்டுமஸ்தான ஆள் அவர். பிறகு, வழக்கொழிந்துகொண்டிருந்த ஹர்லிங்கின் பக்கம் மனம் திரும்பி, 1883இல் பள்ளிக்கென்றே ஒரு ஹர்லிங் கழகம் தொடங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் அதிலிருந்து மெட்ரோபாலிட்டன் கழகம் பிறந்தது. ஃபீனிக்ஸ் பூங்காவில் சில இளைஞர்கள் தட்டையான மரமட்டையால் தோல்பந்தை அடித்துப் பழகியதிலிருந்துதான் 82,300 பேருக்கான இந்த அரங்கம் வளர்ந்தது.

அருங்காட்சியகத்தில் சங்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் பகுதியில் அவசரப்படாமல் நிற்க வேண்டும். 1884 ஈஸ்டர் திங்களன்று, கியூசாக் தம் கழகத்தை கால்வே மாவட்டத்துக் கில்லிமோர் அணியோடு மோத பாலினஸ்லோ ஊருக்கு அழைத்துச் சென்றார். இரு அணிகளும் ஒரே விளையாட்டை வெவ்வேறு விதிகளோடு ஆடிப் பழகியிருந்ததால் ஆட்டம் பாதியில் நின்றுபோனது. எல்லாருக்கும் பொதுவான விதிகள் இல்லாமல் ஹர்லிங் பிழைக்காது என்பது அன்றைக்கு அவருக்கு உறைத்தது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், தர்லஸ் நகரத்து ஹேய்ஸ் ஹோட்டலில் ஒரு சிறு கூட்டத்தில் ஜி.ஏ.ஏ. உருவானது, தடகள வீரர் மாரிஸ் டேவின் தலைவராகவும் கியூசாக் செயலாளர்களில் ஒருவராகவும் பொறுப்பேற்றனர். உழைக்கும் மக்களை ஒதுக்கிவைத்திருந்த அன்றைய தடகளப் போட்டிகளுக்கு மாற்றாக, அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அவர்களே வந்து ஆடக்கூடிய விளையாட்டு வேண்டும் என்பது கியூசாக்கின் பிடிவாதம்.

அவரைப் புனிதராக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கணக்கு வழக்கும் கடிதப் போக்குவரத்தும் அவருக்குச் சுத்தமாக வராது. நாக்கோ மிகவும் கூர்மையானது. சங்கம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள், 1886இல், அந்தச் சங்கமே அவரைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கியது. பள்ளியும் நொடித்தது, 1890இல் மனைவி இறந்தார், 1906இல் தம் 59ஆம் வயதில் அவரும் மறைந்தார். தாம் தொடங்கிய சங்கம் குரோக் பார்க்கை விலைக்கு வாங்கிய 1913ஆம் ஆண்டைக் காண அவர் இல்லை.

மற்றப் பகுதிகளுக்கு வருவோம். அனைத்து அயர்லாந்து ஹர்லிங், கால்பந்துப் போட்டிகளின் மூலக் கோப்பைகளான லியாம் மெக்கார்த்தி, சாம் மகுவயர் இரண்டும் இங்கேதான் உள்ளன. அயர்லாந்து விடுதலைப் போரின்போது, 1920 நவம்பர் 21 அன்று ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரித்தானியப் படையினர் சுட்டதில் இங்கே 14 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுள் டிப்பரரி அணி வீரர் மைக்கேல் ஹோகனும் ஒருவர். அதை அறிந்தபின் எதிரே தெரியும் ஹோகன் மாடத்தை யாராலும் வெறும் கட்டடமாகப் பார்க்க முடியாது. மேல்தளத்தில் பார்வையாளர்களே மட்டை பிடித்து அடித்துப் பார்க்கும் பகுதி உண்டு. கிரிக்கெட் ஆடிய கைதானே என்ற துணிச்சலில் நானும் மட்டையை எடுத்தேன். ஸ்லிட்டர் எனப்படும் அந்தச் சிறிய பந்து என்னை மதிக்கவே இல்லை. பக்கத்திலிருந்த எட்டு வயதுச் சிறுமி அதே பந்தைச் சிரமமின்றி அடித்தாள்.

அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துத் திரும்புவதைவிட, வழிகாட்டியுடன் செல்லும் அரங்கச் சுற்றையும் சேர்த்துக்கொள்வதே சரி. உடைமாற்றும் அறை வழியாகச் சென்று, சுரங்க வாயிலைக் கடந்து ஆடுகளத்தின் ஓரத்தில் போய் நிற்கலாம். உயரத்துக்குப் பயப்படாதவர்களுக்குக் கூரைமேல் நடக்கும் தனிச் சுற்றும் உண்டு. எனக்குத் தரையே போதும். எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரமாவது வேண்டும். ஆட்ட நாட்களில் சுற்றுகளின் நேரம் மாறும் என்பதால் முன்பதிவு செய்வது நல்லது. அணிகள் மாவட்டவாரியாக அமைந்தவை என்பதால், மாவட்டங்களின் பெயர்களே தெரியாதவர்கள் சீருடைக் காட்சிகளை வேகமாகக் கடந்துவிடலாம்.

டப்ளின் தொடக்கப் பள்ளிகளின் இறுதியாட்டங்களும் இதே களத்தில் நடக்கின்றன என்ற செய்திதான் என்னை அதிகம் மகிழ்வித்தது. பள்ளி முடிந்தபின் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களை இந்தப் பெரிய திடல்வரை அழைத்து வருகிறவர்கள் அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களே.

வெளியே வந்தபின் கால் மணி நேரம் நடக்கத் தயாராக இருந்தால் கார்டினர் பிளேஸ் தெருவுக்குப் போகலாம். அங்கே 4ஆம் எண் வீட்டில்தான் கியூசாக்கின் பள்ளி நடந்தது. நான் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. எதிர்ப்புற நடைபாதையில் நின்று அந்த வீட்டின் கதவைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பேருந்து பிடித்தேன்.