ஸ்லைஸுக்கென்று விற்கும் கோல்ஃப் டிரைவர்: பாதி வேலைதான் செய்கிறது

நான்கு வருடமாக கோல்ஃபில் என் டீ ஷாட், அதாவது ஒவ்வொரு குழிக்கும் அடிக்கும் முதல் அடி, ஒரே மாதிரிதான். நேராகக் கிளம்பும், பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடும். இதைத்தான் ஸ்லைஸ் என்பார்கள். சரி, கருவியை மாற்றிப் பார்ப்போம் என்று, எடையை ஹீல் பக்கம் (தண்டை ஒட்டிய பக்கம்) தள்ளி வைத்த, முகம் 10.5 டிகிரி சாய்ந்த 'ட்ரா' டிரைவர் ஒன்றை வாங்கினேன். டிரைவர் என்பது தூரமாக அடிக்கும் கிளப்; 'ட்ரா' என்றால் பந்தை இடப்பக்கம் லேசாக வளைப்பது.

முதல் நாளே வளைவு குறைந்தது, பொய் சொல்லக் கூடாது. ஹீல் பக்க எடையால் கிளப்பின் முகம் சீக்கிரம் மூடுகிறது. ஆனால் ஸ்லைஸ் போகவில்லை. கிளப்பின் முகத்தில் பவுடர் தூவி அடித்துப் பார்த்தபோது தடங்கள் எல்லாம் ஹீல் ஓரத்திலேயே இருந்தன. அங்கே பட்டால் பந்துக்கு வலப்பக்கச் சுழற்சி இன்னும் கூடும். அதை எந்த எடையும் முழுதாகச் சரிக்கட்டாது.

அப்புறம்தான் பிடியைக் கவனித்தேன். இடது கையில் ஒரே ஒரு விரல் முட்டிதான் தெரிந்தது. கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, குனிந்து பார்த்தால் மூன்று முட்டிகள் தெரிகிற மாதிரி பிடித்தேன். மரத்துக்குப் பயந்து தோள்களை இடப்பக்கம் திருப்பி நிற்பதையும் விட்டேன்; அதுதான் ஸ்விங்கை, அதாவது கிளப் வீசும் பாதையை, வெளியிலிருந்து உடம்புப் பக்கம் உள்ளே வெட்ட வைத்திருக்கிறது. இரண்டு வாரத்தில் பழைய டிரைவரிலேயே பந்து நேராகப் போனது.

புதியதில் இப்போது அடித்தால் பந்து இடப்பக்கம் வளைந்து ஹுக் ஆகிறது! சத்தம் வேறு, தகர டப்பாவைத் தட்டியது போல. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.